உன் தாளில் என் பேனா

என் வெண்ணிக்குட்டிக்கு,

உன் தங்கச்சி கயல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நேற்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். நீ அன்றைக்குக் கொண்டு வந்த அதே தாள்தான், குட்டி. போன இரண்டு வாரமாக உனக்கு எப்படி இருந்தது என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டம்: இல்லை, சில நாள், பல நாள், தினமும். மனச்சோர்வில் இருக்கிற பிள்ளைகளை நேரத்தோடு கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பது.

உனக்குத் தெரியும், ஆண்டிமடத்தில் என் பிழைப்பே படிவம் நிரப்புவதுதான். நம் இ-சேவைக் கடைக்கு வருகிறவர்களின் சாதிச் சான்று, பட்டா, முதியோர் பென்ஷன் எல்லாம் என் கையால்தான் போகும். எதைப் போட்டால் திரும்பி வரும், எதைப் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு அத்துப்படி. “அக்கா கை பட்டுச்சுன்னா ரிட்டர்ன் ஆவாது” என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ உன் தாளை நேராகக் கடைக்கே கொண்டு வந்தாய். நானேதான் எழுதணுமாம், அம்மா என்றாய். நீ எழுதினா அடிச்சு அடிச்சு எழுதுவே, குடு என்று வாங்கிக்கொண்டேன். கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று மளமளவென்று டிக் போட்டுக்கொண்டே போனேன். எதிலும் மனசு ஒட்டாமல் இருக்கிறதா என்ற கேள்வி வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“அதுல கொஞ்சம் இரும்மா.”

“இதுல வேற எதையாவது போட்டா நாளைக்கு என்னை ஸ்கூலுக்குக் கூப்பிட்டு விடுவாங்க. கடையை யாரு பாக்கறது?”

நீ கையை எடுத்துவிட்டாய். கீழே கையெழுத்து மட்டும் உன்னுடையது.

அதற்கு நாலாம் மாசம் நீயாகவே உயிரை விட்டுவிட்டாய். ஏன், ஏன் என்று வந்தவர்கள் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். நான் யாரைப் போய்க் கேட்பேன்?

போன வாரம் கௌசல்யா வந்திருந்தாள். உன் பெஞ்சில் பக்கத்தில் உட்காருவாளே, அவள்தான். இப்போது பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். அவள் அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் தாளை அவளேதான் நிரப்பினாளாம். மறுவாரமே பள்ளிக்கூடத்து மனநலக் கவுன்சிலர் கூப்பிட்டுப் பேசி, அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மாசக்கணக்கில் பார்த்துத் தேற்றியிருக்கிறார்கள். என் மனசு நோகும் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். டீயை ஆறவிட்டுக் குனிந்தபடியே சொன்னாள்.

“அத்தை, அன்னைக்கி பஸ்ஸுலயே பேசி வச்சிருந்தோம். ரெண்டு பேரும் உண்மையப் போட்டுருவோம்னு. வெண்ணிதான் மொதல்ல சொன்னா.”

நீதான் முதலில் சொன்னாயா, குட்டி?

அந்தக் கவுன்சிலரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். ஒரு தாள் மட்டும் பிள்ளையைக் காப்பாத்தியிருக்கும்னு சொல்ல முடியாதுங்க, அது பேச்சை ஆரம்பிக்கத்தான் என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் பேச்சை ஆரம்பிக்க உனக்குக் கிடைத்ததே அந்த ஒரு தாள். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேனே.

நேற்று கயலிடம் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் குழாயடியில் போய் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

“அம்மா, இதுக்கு என்ன போட?”

“உனக்கு எப்படி இருக்கோ அப்படியே போடு.”

“தப்பாயிட்டா?”

“இதுல தப்புன்னு ஒண்ணு கெடையாதுடி.”

குடம் நிறைந்து நான் உள்ளே வந்தபோதும் எழுதி முடிக்கவில்லை. ஏதோ ஒரு கேள்வியில் நின்றிருக்கிறாள். எது என்று நான் பார்க்கவில்லை. தாளை மடித்து அவளே பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு விட்டால் கடையைச் சாத்திவிட்டு ஓடுவேன். கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டும் இருக்கமாட்டேன். நாளைக் காலையில் தலை பின்னும்போது மனசு எப்படி இருக்கு என்று நானே கேட்பேன். அவள் பதில் சொல்கிற வரைக்கும் என் வாயால் எந்தப் பதிலும் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, வெண்ணி.

இப்படிக்கு,
வெண்ணிக்கும் கயலுக்கும் அம்மா