ஓரத்தில் நீ எழுதிய கேள்வி

ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் இந்த வருஷம் என் தலையில் விழுந்தது. அலமாரியிலிருந்து நீ நடத்திய புத்தகத்தையே எடுத்துக் கொடுத்தார்கள். இந்து சமயமும் பௌத்தமும் வருகிற பாடம். வினைப்பயனும் மறுபிறவியும் இரண்டுக்கும் பொது என்கிற வரிக்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் உன் கையெழுத்து: "புத்தரிடமும் அதுதானா? அப்போ என் பாப்பா?"

அந்தக் கேள்வியை உனக்குள் ஏற்றியவள் நான். மூன்று வயதுப் பெண்ணைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, காவாந்தண்டலத்தில் உன் வீட்டு வாசலில் நீ உட்கார்ந்திருந்தாய். ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "போன ஜென்மத்து வினைடீ, நம்ம கையில இன்னா கீது" என்றேன். எங்கள் வீட்டில் சாவுக்குச் சாவு சொல்கிற வார்த்தைதான். நீ நிமிர்ந்து பார்த்தாய். "மூணு வயசுக் கொயந்த இன்னாடி பண்ணுச்சு?" நான் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் ஆறு மாதம் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தாய். பிறகு ஒருநாள் நீயாகவே பக்கத்தில் வந்தாய், பையில் புத்தரைப் பற்றிய புத்தகங்களோடு. பழைய கேலியும் திரும்பியிருந்தது. "ஒங்க மதத்த யாரு ஆரம்பிச்சதுன்னே தெரியாது, வேதத்துலேர்ந்து வந்துச்சுன்றீங்க. இது ஒரு ராஜா மொவன், கெயவனையும் நோவாளியையும் பொணத்தையும் பாத்துட்டு வூட்ட வுட்டுப் போனதுல ஆரம்பிச்சுது." ஆன்மா அழியாது, உடம்புதான் மாறுகிறது என்று என் அப்பா சொன்னதை நான் ஒப்பிப்பேன். நிலையாக ஒன்றுமே கிடையாது, பிடித்துக்கொண்டு தொங்குவதால்தான் துக்கம் என்பாய் நீ. உத்திரமேரூர் ஏரிக்கரை வரும்வரை சண்டை.

ஒருநாள் மட்டும் நீ சண்டைக்கு வரவில்லை. "எல்லா நோவும் வினையால வர்தில்லன்னு புத்தரே சொல்லிக்கீறாருடீ. பித்தத்தால வருமாம், பருவம் மாறுனா வருமாம். எம்பொண்ணுக்கு வந்தது காச்சல். வெறும் காச்சல்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். நான் ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் போதும். எனக்குத்தான் தோற்க மனசில்லையே. "ஒங்க புத்தரும் வினை உண்டுன்னுதானே சொல்றாரு?" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன மாசியில் உன் மூளையில் ரத்தம் கசிந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அன்னிக்குப் பேத்தி, இன்னிக்குப் பொண்ணு. நாங்க இன்னா பாவம் பண்ணோம் டீச்சர்?"

"ஒரு பாவமும் இல்லம்மா. பாப்பாவுக்கு வந்தது காச்சல். இவளுக்கு வந்ததும் நோவுதான்" என்றேன். இத்தனை வருஷம் வராத வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது.

அம்மா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இத்த ஒங்க வாயால ஒருவாட்டி கேக்கணும்னு சொல்லிக்கினே இருந்தா டீச்சர்."

நாளைக்கு அந்தப் பாடம் நடத்த வேண்டும். உன் பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, 'வெறும் காய்ச்சல்தான்டீ, நான் சொன்னது தப்பு' என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். அடுத்த வருஷம் புத்தகம் யார் கைக்குப் போகுமோ தெரியாது. படிக்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.