பாதி சொன்ன உதாரணம்

போர்ட் பிளேர்

அன்புள்ள வள்ளிநாயகிக்கு,

மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? நான் சுகம்.

டாக்டர் சொல்லியும் ஏன் நடப்பதில்லை என்று ஊரில் நான் கேட்டபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "இதயம் மோட்டார் மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? கரும்புக்குத் தண்ணி எறைக்கிற மோட்டாரயே சூடானா ஆஃப் பண்றோம். இத ஓட்டிக்கினே இருந்தா காயில் எரிஞ்சி போவாதா?" நான் சிரித்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டேன்.

போன வாரம் இங்கே வகுப்பிலும் அதே உதாரணத்தைச் சொன்னேன். மறுநாள் கீதாஞ்சலி என்ற மாணவி ஓட்டப்பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். "ஓடுனா சீக்கிரம் தேஞ்சிடும் சார்" என்றாள்.

அவளிடம் திருத்திச் சொன்னேன். மோட்டார் தண்ணீரைத் தள்ளுவதுபோல் இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது என்பது வரைதான் அந்த உதாரணம். ஓட ஓட மோட்டார் தேயும். இதயமோ தசை, மண்வெட்டி பிடிக்கும் கைபோல, அளவான வேலையில் வலுவாகும். பாகூரில் முப்பது வருஷம் பாதி மட்டும் சொல்லி ஓய்வும் பெற்று, இங்கே மறுபடி பாடம் எடுக்கவும் வந்துவிட்டேன். உனக்கும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

தையல் மிஷின் மேல் விட்டுவந்த கண்ணாடியை அனுப்பு. நார்த்தங்காய் ஊறுகாயும் வை. தனியாகச் சாப்பிடச் சோறு இறங்கவில்லை. மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.

கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே ஏரி மதகு வரை மெதுவாக நடந்துவிட்டு வா.

குழந்தைவேல்