உன் மூன்று ரங்கூன் விலாசங்கள்

கூட்டாளி, வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன, உங்கள் மோங் இனத்துத் தொளதொள கால்சட்டையை இன்று காலை மாட்டிப் பார்த்தேன். இரண்டு காலையும் ஒரே பக்கம் விட்டு விழப் போனேன். "இருக்குற அழகு பத்தாதா?" என்றாள் என் பெண்டாட்டி. துணியில் இன்னும் உன் அடுப்புப் புகை வாசம்.

அந்தப் புகையைச் சொல்லித்தானே ரங்கூனில் உன் முதல் விலாசமான இன்சீனில் வீட்டுக்காரி உன்னை விரட்டினாள். ஷான் மலையில் சண்டை வந்து, வீட்டையும் பன்றிகளையும் விட்டுவிட்டு மனைவி, கைக்குழந்தையோடு வந்தவன் நீ. "மலைக்காரங்க நாறுவாங்க" என்றாள், நிரம்பி வழிந்த கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டு.

அடுத்தது க்யிம்யிண்டைங். மேல்மாடியிலிருந்து மீன் தண்ணீர் சொட்டும் அறை. புரோக்கர் இனம் கேட்டான். நீ சொன்னாய்.

"மோங்கா? அப்படி யாரும் கிடையாது. சீனன்னு எழுதிக்கிறேன்."

அவன் வெற்றிலை எச்சில் உன் வாடகைக் காகிதத்தில் தெறித்தது. நீ சட்டைக் கையால் துடைத்தாய். ஆறே மாதத்தில் அங்கிருந்தும் கிளப்பிவிட்டார்கள். தாகேதாவில் சாக்கடை மேல் பலகை போட்டு, அதையும் அறை என்று வாடகைக்கு விட்டான் ஒருவன்.

மூன்று முறையும் என் மூன்று சக்கர சைக்கா வண்டியில்தான் சாமான் ஏற்றினோம். "மூட்டையா, மலையவே கட்டிட்டு வந்தியா?" என்று மிதித்துக்கொண்டே கேட்டேன். "உன் வாய்தான் கனம். அத இறக்கி வை, வண்டி தானா ஓடும்" என்றாய். எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் அந்த மூன்று விலாசமும் முழங்காலில் எழுதியிருக்கிறது.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து உன் மகள் போன் செய்தாள். நீ செத்துப்போய்விட்டாய் என்றாள்.

"ஊலே மாமா, அப்பா ரங்கூன்ல எங்கெங்க இருந்தாரு? அப்ப நான் கைக்கொழந்த, அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. கடைசி எடத்துலேர்ந்து பின்னால வரிசையா சொல்லுங்க. ஒரு இடம் விட்டாலும் அப்பா வழி தெரியாம அங்கயே நின்னுடுவாரு."

செத்தவன் வாழ்ந்த இடம் ஒவ்வொன்றையும் சொல்லி, அங்கங்கே காவல் இருப்பவர்களுக்கு நன்றி சொல்லி, அவன் ஆவியைப் பிறந்த வீடுவரை பாடியே கூட்டிப்போவார்களாமே உங்கள் ஆட்கள். பாடுகிற பெரியவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவள் மோங் பேச்சில் மாற்றினாள்.

"தாகேதா" என்றேன். அந்தப் பலகை ஞாபகம் வந்துவிட்டது. "சாக்கடை மேல. வீட்டுக்காரன் ஒரு நாறப் பன்னி."

அவள் அதையும் மாற்றிச் சொல்லிவிட்டாள். பெரியவர் அதையும் பாடினார். தாகேதாவின் நாறப் பன்றிக்கு முறைப்படி நன்றி சொல்லி முடித்த பிறகுதான் உன்னை க்யிம்யிண்டைங்குக்குக் கூட்டிப்போனார்.