பூட்டிய ஆய்வகம்

வியாழக்கிழமை, கிளமெண்டி, சிங்கப்பூர்.

சம்பளம் தருபவரைத் திட்டி எழுதுவது தப்புதான். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

வெளிநாட்டு மருந்து ஆய்வாளர்களுக்கு நாங்கள் நடத்தும் பயிற்சியில், இலங்கையிலிருந்து வந்த நிலூஷா, கலப்பட இருமல் மருந்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை எப்போது செய்து பழகுவோம் என்று இங்கிலீஷில் கேட்டார். மேலாளர் ரவி சார், அவருக்குப் புரியாது என்ற நினைப்பில், என் பக்கம் திரும்பித் தமிழில், “இவங்களுக்கு லேப் எதுக்கு லா? போட்டோ எடுத்து, சர்டிபிகேட் குடுத்து அனுப்பு” என்றார்.

நிலூஷா சிங்களவர்தான், ஆனால் தமிழ் பேசும் மட்டக்களப்பில் வேலை பார்த்தவர். “சேர், எங்கட பிள்ளைகளுக்குப் போட்டோவைக் கரைச்சுக் குடுக்க ஏலாது” என்றார், தமிழிலேயே.

சார் மன்னிப்புக் கேட்கவில்லை, என்னை முறைத்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாளை மாலை சாங்கி விமான நிலையத்திலிருந்து நிலூஷா ஊர் திரும்புகிறார்.

வாய்வரை வந்ததை இங்காவது எழுதுகிறேன்: நாளைக் காலையில் ஒரு மணி நேரம் லேபைத் திறந்துவிடுங்கள் சார். அந்தச் சோதனையை நானே சொல்லித் தருகிறேன்.