எலி கடித்த கொக்கு பார்டர்

அக்டோபர் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. இன்றைய வேலை: பிரிண்டர் மை, தறி அட்டை ஒரு கட்டு, பல் டாக்டர் (போகவில்லை).

மெயிலில் ஒரு தீபாவளி வாழ்த்து. யாரென்று தெரியவில்லை. 'அழுத்தினால் மத்தாப்பு எரியும்' என்றிருந்தது. அழுத்தினேன். நன்றாகவே எரிந்தது. லோகு அண்ணனைக் கூப்பிட்டு இன்னொரு முறை எரித்துக் காட்டினேன்.

மதியம் பார்த்தால் ஒரு டிசைனும் திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரே ஆங்கிலக் கடிதம். உன் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் இந்த முகவரிக்கு எழுது, டாலரில் பணம் அனுப்பு. மூன்று வருடமாக வரைந்த அத்தனை சேலையும் உள்ளே. எங்கள் டிசைன் சென்டரில் மொத்தமே இரண்டு பேர். கம்ப்யூட்டரில் நான் வரைவேன். அதைப் பார்த்து லோகு அண்ணன் தறி அட்டையில் ஓட்டை போடுவார். அந்த ஓட்டைப்படிதான் தறியில் பூவும் கொக்கும் எழும்.

கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நம்ம கொக்க வச்சிக்கினு அவன் இன்னாமா பண்ணப் போறான்? அவன் வூட்ல கல்யாணமா?"

சிரித்துவிட்டேன். அவர் டீ குடிக்கப் போனதும் அழுதேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

வெயில். பல்வலி.

சர்வீஸ் சேகர் வந்தார். முதல் வேலையாக நெட் ஒயரைப் பிடுங்கினார். "சாவி அவன் கைல மட்டும்தான் கீது மேடம். பணம் குடுத்தாலும் தருவான்னு இன்னா நிச்சயம்? எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடறேன். காப்பி எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

"இல்லாமலா!" பெருமையாகச் சொல்லி பீரோவைத் திறந்தேன். மூன்று சிடி. மூன்றின் பளபள முகத்திலும் கீறல், மஞ்சள் கறை.

போன வாரம் ஆயுத பூஜை. கீறலும் கறையும் என் கைவேலைதான். கீபோர்டு, பிரிண்டர், அண்ணனின் ஓட்டை போடும் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, சிடி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் வைத்தேன். எழுத்து இருக்கும் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாதா? பளபளவென்று இருப்பதுதானே முகம்! காய்ந்ததும் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தேன். அவ்வளவு பக்தி.

சேகர் சிடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவருக்கு உதடு துடித்தது.

வரைந்து பிரிண்ட் எடுத்த கட்டம் போட்ட தாள்கள்? பூஜைக்கு முன் சுத்தம் செய்தபோது அண்ணன் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். ஒரே பூஜையில் இரண்டு காப்பியும் காலி. சரஸ்வதி மன்னிக்கட்டும்.

அக்டோபர் 11, புதன்

பட்டுக் கடை முதலாளி போன். எங்கள் வேலையில் பாதி அவர் கடைக்குத்தான். சனிக்கிழமை பத்து மணிக்குக் கல்யாணப் பெண்ணின் அம்மாவோடு வருகிறாராம். போன வருடம் மூத்தவள் கட்டிய அதே கொக்கு பார்டர், இளையவளுக்குப் பெரியதாக வேண்டும். "அதே கொக்கா இருக்கணும் மீனா. மூக்கு மாறினாகூட அந்தம்மா கண்டுபுடிச்சிடும். முடியலன்னா இப்பவே சொல்லிடுமா, நான் மெட்ராஸ்ல குடுத்துக்கறேன்."

"ஆச்சு சார், சனிக்கிழமை ரெடி" என்றேன். வாய்!

தென்னேரி ஏரிக்கரையில் பஸ் பழுதாகி நின்ற ஒரு நாள், டிக்கெட் பின்னால் கிறுக்கிய கொக்கு அது. எதிரெதிரே இரண்டு. என் டிசைன்களில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது அது ஒன்றுதான். மூத்தவளின் சேலை சிங்கப்பூரில். நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். வாத்து வந்தது.

மாலை அண்ணன் சுற்றிச் சுற்றி வந்தார். மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

"ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லுங்கண்ணா."

"சரோஜா வூட்ல அந்தக் கொக்கு அட்டை இருக்குது."

பிள்ளையார்பாளையம் சரோஜா அக்காதான் அந்தச் சேலையை நெய்தார். நெய்து முடித்ததும் அட்டையைத் திருப்பித் தர வேண்டும், வேறு யாரும் டிசைனைக் காப்பியடிக்கக் கூடாது, இது நான் போட்ட சட்டம். அக்கா தரவில்லை. எலி தின்றுவிட்டது என்றார். ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அக்டோபர் 12, வியாழன்

சைக்கிளில் போனேன். அக்கா தறியில். என்னைக் கண்டதும் எழுந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். ஆள் ஒல்லி, ஜன்னல் அகலம். இரண்டு பக்கமும் அட்டை தெரிந்தது. கயிற்றில் கோத்தது கோத்தபடி, வரிசை வரிசையாக, ஜன்னலுக்குத் தட்டியாகத் தொங்கியது.

"மேற்கு வெயில் நேரா பட்டு மேல அடிக்குது மீனா. கலர் போயிடும். நல்லா கெட்டி அட்டை. தூக்கிக் குடுக்க மனசு வரல. பொய் சொல்லிட்டேன், இன்னான்ற இப்போ?"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். அக்கா பயந்துபோனார். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூல் போட்டு ஏறி அவரே அவிழ்த்தார்.

எண்ணிப் பார்த்தால் நடுவில் ஏழு அட்டை இல்லை.

"அத நெஜமாவே எலி கடிச்சிடுச்சி" என்றார். நம்புகிறேன்.

அக்டோபர் 13, வெள்ளி

பகல் முழுக்க ஒரே வேலை. அண்ணன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க, நான் கம்ப்யூட்டரில் கட்டத்தை நிரப்ப. "ஓட்டை, ஓட்டை, மூடி, ஓட்டை, மூடி, மூடி..." பதினோரு மணிக்கு அவருக்குக் கண் எரிச்சல். அட்டையோடு கூடவே வந்திருந்த சரோஜா அக்கா வாங்கிக்கொண்டார். பார்க்கவில்லை, விரலால் தடவியே சொன்னார். என் கை பின்தங்கியது.

எலிப் பங்கு ஏழும் முதல் கொக்கின் கழுத்து. தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அக்காதான், "ரெண்டும் மூஞ்சிக்கு மூஞ்சிதானே பாத்துக்கினு இருக்குது? ரெண்டாவது கொக்க பின்னாலருந்து படி" என்றார். கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால் முதல் கொக்கேதான். என் டிசைன், எனக்குத் தோன்றவில்லை.

நாலு மணிக்குத் திரையில் இரண்டு கொக்கு. அண்ணன் கைதட்டினார். கொஞ்சம் வெட்கமில்லாமல் அழுதேன், இந்த முறை எல்லோர் முன்னாலும்.

பல்வலியை மறந்தேவிட்டேன். இப்போது வலிக்கிறது.

அக்டோபர் 14, சனி

தூறல். பெண்ணின் அம்மா கண்ணாடி போட்டு மூக்கைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். "அதேதான்." முதலாளிக்குக் காபி. எனக்கு ஆர்டர்.

சுவரில் ஒட்டியது:
– தெரியாதவர் மத்தாப்பு அனுப்பினால் எரிக்காதே.
– வாரா வாரம் மூன்று காப்பி. ஒன்று இங்கே, ஒன்று என் வீட்டில், ஒன்று ஊரில் வேறு இடத்தில்.
– எடுத்த காப்பி திறக்கிறதா என்று அன்றே பார்.
– சந்தனம் சிடி டப்பாவுக்கு மட்டும்.

கடைசி வரி அண்ணன் எழுதியது. மற்ற டிசைன்களின் அட்டை யார் யார் வீட்டில் என்னென்ன ஆகியிருக்கிறது என்று திங்கள்முதல் தேட வேண்டும். கத்தாமல்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஜன்னல் திறந்து கிடக்கிறது, வெயில் அடிக்கிறது என்று அக்காவிடமிருந்து காலையிலேயே போன். லோகு அண்ணனிடம் பெரிய கொக்குக்கு இரண்டு செட் அட்டை போடச் சொன்னேன். ஒன்று தறிக்கு. இன்னொன்றை நானே கொண்டுபோய் ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலில் கட்டினேன். ஊரில் வேறு இடம் கிடைத்துவிட்டது.

கீழே நின்று பார்த்துவிட்டு அக்கா: "வேற எதுனா பெரிய டிசைன் இருக்குதா மீனா? சமையல்கட்டு ஜன்னலும் சும்மாதான் கீது."