மூன்றாம் அத்தியாயத்தை நான் எடுக்கவில்லை

அன்பு மகள் பட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. சரிசெய்ய வந்தவர் வாசரை மாற்றிய கையோடு அப்பாவிடம் பேச்சுக் கொடுத்து, கடைசியில் அப்பா சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் பள்ளியிலேயே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டார். வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிட்டால் அந்த ஆளையே மாணவராக்கிவிடுகிறார் உன் அப்பா. அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கிளச் மிதிக்கும்போது வலிப்பதில்லையாம், குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடச் சொன்னால் மட்டும் வலிக்கிறதாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் பேசினால் எனக்குக் கோபம் வரும், உனக்கு அழுகை வரும், விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடு.

நீ சாருக்கு அனுப்பிய செய்தியை அவர் எனக்குக் காட்டினார். அம்மா கொஞ்சம் பிடிவாதம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நான் பேசி வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவர் என் ஆராய்ச்சிக்கு கைடாக வருவதற்கு முன்பே உனக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்தவர், அந்த உரிமையில் எழுதிவிட்டாய், புரிகிறது. ஆனால் அந்த ஆய்வேடு என்னுடையது பட்டு. கல்லூரியில் இத்தனை வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்துவிட்டு, தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, விடைத்தாள் திருத்துவதற்கும் ரசம் கொதிப்பதற்கும் நடுவே உட்கார்ந்து எழுதியது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க நான் உன்னை அனுப்பவில்லை. கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், பொய்யாகிவிடும். கோபம்தான். ஆனால் நீ பாதிக் கதையைக் கேட்டுவிட்டு முழுத் தீர்ப்பு எழுதியிருக்கிறாய், மீதிக் கதையைச் சொல்லாதது நான், அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் சாயங்காலம் நடக்கும் வகுப்பு உனக்குத் தெரியும். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய விடுதியில் அறை சுத்தம் செய்கிற பெண்கள், படுக்கை விரிப்பு துவைக்கிறவர்கள், வேலை முடிந்து சீருடையை மாற்றாமலேயே இங்கிலீஷ் படிக்க வருவார்கள். அவர்களுக்கு வைத்திருக்கிற பாடப்புத்தகம் சார் எழுதியது. நல்ல புத்தகம், அதை எங்கேயும் சொல்லத் தயார், படமும் பேச்சுமாகச் சுலபமாக இருக்கும். அந்த வகுப்பில் அவர்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் எதைக் கற்றுக்கொள்வதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. தலைப்பைக் கொடுத்தவரும் அவர்தான். வகுப்பில் உயரமான பெண் ஒருத்தி, எல்லாரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அவள் ஒருநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று கேட்டாள், "டீச்சர், ரூமுக்குள்ள ஆள் இருக்கும்போதே உள்ள வா, உக்காருன்னு சொல்றாங்க. வரமாட்டேன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? மரியாதையாவும் இருக்கணும், மறுபடி கேக்கவும் கூடாது." நான் புத்தகத்தைப் பிரித்தேன். எஸ் சார் இருக்கிறது, சாரி சார் இருக்கிறது, சர்ட்டன்லி சார், ரைட் அவே சார் எல்லாம் இருக்கிறது. சீருடை போட்ட யாரும் அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில்கூட முடியாது என்று சொல்லவில்லை.

அன்றைக்குப் பாடத்தை மூடிவைத்துவிட்டு எல்லாருமாக உட்கார்ந்து ஒரு வாக்கியம் செய்தோம். ஐ வில் கம் பேக் வென் தி ரூம் இஸ் எம்ப்டி, சார். அறை காலியாக இருக்கும்போது வருகிறேன், அவ்வளவுதான். அந்த சார் என்கிற வார்த்தையை எங்கே வைப்பது என்பதில் பெரிய சண்டை. நெட்டைதான் தீர்த்துவைத்தாள், "முன்னால வெச்சா கெஞ்சுற மாதிரி இருக்கு டீச்சர், கடைசில வெச்சா கதவைச் சாத்துற மாதிரி இருக்கு." கடைசியில் வைத்தோம். அதிலிருந்து பிறந்ததுதான் மூன்றாம் அத்தியாயம். இப்படிப்பட்ட பாடப்புத்தகங்கள் வேறு எது கிடைத்தாலும் எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே கதை. அப்புறம் காலையில் பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கு நடத்துகிற பழைய நாவல்களையும் புரட்டினேன், அங்கேயும் வேலைக்காரி தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், ஆமாம் என்று சொல்கிறாள், போய்விடுகிறாள். காலையில் இலக்கியமாகப் படிப்பதும் சாயங்காலம் மொழிப்பாடமாகப் படிப்பதும் ஒரே குரலில் பேசுகிறது என்று எழுதினேன். ஒரு மொழியைச் சொல்லிக்கொடுக்கும்போதே யார் மறுக்கலாம், யார் மறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம் என்று எழுதினேன். எழுதி முடித்த அன்று எனக்கே கொஞ்சம் திமிராக இருந்தது, மறைக்கவில்லை.

சார் படித்துவிட்டு அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். மற்ற அத்தியாயங்களே போதும், பட்டத்தை வாங்கிக்கொண்டு இதைத் தனிப் புத்தகமாகப் போடுங்கள் என்றார். உன்னிடம் போனில் புலம்பினேன், நீயும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னாய். உனக்குத் தெரிந்தது இதுவரைக்கும்தான். மறுநாள் அவர் அறைக்குப் போனேன். நீ பார்த்தபோது இருந்ததைவிட மோசம், ஆய்வேட்டுக் கட்டுகள் ஜன்னலையே மறைத்துவிட்டன, நாற்காலியிலிருந்து ஒரு கட்டை எடுத்துத் தரையில் வைத்த பிறகுதான் எனக்கு உட்கார இடம். என்னால் எடுக்க முடியாது சார் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன், படவில்லை. "என் புத்தகத்தைக் குறை சொல்றீங்கன்னு எனக்கு வருத்தம் உண்டு மேடம், இல்லைன்னு சொல்லலை. ஆனா காரணம் அது இல்ல. இந்த வாக்கியத்தை ஒருநாள் ஒருத்தி நிஜமாவே சொல்லுவா. அவ வேலைக்கே உலை வெச்சிடுவாங்க. அப்ப நீங்க போய் நிப்பீங்களா?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

அவர் சொன்னது நடந்தது. நெட்டை அந்த வாக்கியத்தை ஒரு விருந்தாளியிடம் சொல்லிவிட்டாள். அவர் கீழே போய், சுத்தம் செய்கிற பெண் திமிராகப் பேசுகிறாள் என்று புகார் கொடுத்தார். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவளை அடித்தளத்தில் இருக்கிற சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார். அவள் வகுப்புக்குத் தாமதமாக வந்தாள், கையெல்லாம் சிவந்து, சோப்புத்தூள் வாசனையோடு, பின்பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல எழுதினாள். அன்று நான் என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தியாயத்தை எடுத்துவிடப் போகிறேன், ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டு எனக்கு ஒரு பட்டம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எடுக்குறதுன்னா எடு. ஆனா அந்தப் பொண்ணைக் கேட்டியா? வண்டியை அவ ஓட்டுறா, பக்கத்து சீட்டுல உக்காந்துகிட்டு நீ பிரேக்கை மிதிக்கிற" என்றார். அவருக்கு எல்லாமே காரில்தான் வந்து முடியும். ஆனாலும் சுருக்கென்றது.

அடுத்த வகுப்பில் கேட்டுவிட்டேன். என்ன எழுதியிருக்கிறேன், அதனால் என்ன வரலாம், எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. அவர்களில் மூத்தவர், பேரன் எடுத்தவர், "எந்த இடம்னு தெரிஞ்சா எங்க கதி அவ்வளவுதான், வேணாம்மா" என்றார். அதுவும் நியாயம்தான். நெட்டை கடைசியாகப் பேசினாள். "கீழ ஜன்னலே கிடையாது டீச்சர், ஒரே சூடு. ஆனா அங்க யாரும் என்னை உள்ள வான்னு கூப்பிடறது இல்ல. நீங்க அதை எடுத்துட்டீங்கன்னா நான் சும்மா கீழ போன மாதிரி ஆயிடும்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குள் இழுபறி எதுவும் மிச்சமில்லை.

உட்கார்ந்து அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். எந்த ஊர், எந்த விடுதி என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி அடையாளங்களை மாற்றினேன், மூத்தவரிடம் வாசித்துக் காட்டி அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் வைத்தேன். மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதினேன், வாக்கியம் மட்டும் ஒருத்தியைக் காப்பாற்றாது, அவள் பின்னால் நிற்க ஆள் வேண்டும் என்று எழுதினேன். சார் சொன்ன எதிர்வாதத்தைக் குறைக்காமல், கிண்டல் செய்யாமல், முழுசாக எழுதி அதற்கு என் பதிலையும் எழுதினேன். அதோடு, போய் நிற்பீர்களா என்று கேட்டாரே, போய் நின்றேன். ஆராய்ச்சி என்று ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுடைய டீச்சர் என்று சொல்லிக்கொண்டு நெட்டையையும் கூட்டிக்கொண்டு விடுதி மேலாளரைப் பார்த்தேன். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து இனிக்க இனிக்கப் பேசினார். ஆள் இருக்கிற அறைக்கு இனி இரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள், அது கிடைத்தது. நெட்டையை இன்னும் மேலே எடுக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன், அவர் கொடுக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டே மறுபடி கேட்பேன், எனக்கு என்ன, இனிமேல் சாயங்காலம் அந்தப் பக்கமாகத்தான் நடை.

போன வாரம் புது அத்தியாயத்தை சாரிடம் கொடுத்தேன். என்னை உட்காரவைத்துக்கொண்டே படித்தார், பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயும் கோடு போடாமல் படித்தார். முடித்துவிட்டு, "எனக்கு இன்னும் சம்மதம் இல்ல மேடம். ஆனா என் பக்கத்து வாதத்தை என்னைவிட நல்லா எழுதியிருக்கீங்க. இதுக்குக் கையெழுத்துப் போடலைன்னா நான் கைடா இருக்குறதுல அர்த்தமே இல்ல" என்றார். போட்டுவிட்டார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அந்த அத்தியாயத்தைப் பற்றித் தானும் கேள்வி கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார், கேட்கட்டும், வெளியிலிருந்து வருகிற தேர்வாளரும் கேட்கட்டும், எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்லுவேன். கிளம்பும்போதுதான் உன் செய்தியைக் காட்டினார். இதற்கு நான் பதில் போடவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பதில்தான் இது.

வைவா அடுத்த மாதக் கடைசியில் இருக்கும், தேதி வந்ததும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வகுப்புப் பெண்களில் வேலை இல்லாதவர்கள் வருகிறார்கள், அப்பா ஓட்டுநர் பயிற்சியை அன்று ஒத்திவைத்துவிட்டு முதல் வரிசையில் உட்காரப் போவதாகப் பயமுறுத்துகிறார். உனக்கு லீவு கிடைக்காது என்று நீ சொல்லுவாய். அன்றைக்கு நான் லைனில் இருந்தபோதே உன் மேலதிகாரி கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தலையில் கட்டினாரே, அப்போது நீ நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம் என்று சொன்ன வேகத்தை நானும் கேட்டேன். வரமுடியாவிட்டால் எனக்கு வருத்தம் இருக்கும், தாங்கிக்கொள்வேன். ஆனால் கேட்காமலே கிடைக்காது என்று சொல்லாதே, வாயைத் திறந்து கேள்.

இன்னொன்று. ஆய்வேட்டில் அவர்களுடைய நிஜப் பெயரைப் போடக் கூடாது, அதனால் ஆளுக்கொரு பெயரை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒருத்தி சினிமாக்காரி பெயரை எடுத்துக்கொண்டாள், ஒருத்தி எதற்கோ பழிவாங்குவதுபோல மாமியார் பெயரை எடுத்துக்கொண்டாள், வகுப்பே சிரித்தது. நெட்டை மட்டும் யோசித்துவிட்டு, "உங்க பொண்ணு பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டாள். சொன்னேன். ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றாள். அதனால் மூன்றாம் அத்தியாயத்தில், அறை வாசலில் நின்று வரமாட்டேன் என்று சொல்கிறவளுக்கு உன் பெயர்தான். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நீ வேண்டாம் என்று சொன்னாலும் இனி மாற்றுவதாக இல்லை.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. சாருக்கு இனி என்னைப் பற்றி எதுவும் எழுதாதே. காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா