ரதி கிரீடத்தின் கண்ணாடி வேலை

பெரியவனின் அம்மாவுக்கு,

மகன் வீட்டில் சுகமாக இருப்பாய். இங்கே குளிருக்குக் குறைவில்லை.

அட்டன் கைவினைக் கண்காட்சிக்கு நடுவராக வந்த அந்தப் பெண்மணி, காமன் கூத்துக்கு நாம் செய்த ரதி கிரீடத்தைத் தூக்கிப் பார்த்து, "இந்தக் கண்ணாடி வேலை யாரு செஞ்சதுங்க?" என்று கேட்டார். நீ பக்கத்திலேயே நின்றாய்.

"எல்லாம் நான்தாங்க" என்றேன்.

பலகை செதுக்கியது மட்டும்தான் நான். விருதோடு நான் வீட்டுக்கு வந்தபோது நீ மகனிடம் போகக் கொழும்பு பஸ் ஏறிவிட்டிருந்தாய்.

போன வாரம் கண்காட்சி நடத்திய அலுவலகத்துக்குப் போய், விருதுப் பத்திரத்தில் உன் பெயரையும் போடச் சொன்னேன். கிளாக்கர் சிரித்தார். "வீட்டம்மா கைவேலையும் உங்க வேலைதானே ஐயா?"

"அவ கைய வெட்டியா எனக்கு ஒட்டியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பத்திரத்தை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

நேற்றுக் கூத்துத் திடலில் தப்பு அடிப்பவர்களை நிறுத்தச் சொன்னேன். ரதி வேடக்காரனின் தலையிலிருந்த கிரீடத்தைக் காட்டி, "இதுல மின்னுறதெல்லாம் என் பொண்டாட்டி அங்கம்மா ஒட்டுனது. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"அத அத்தைகிட்ட சொல்லுங்க மாமா!" என்றான் ஒருவன். திடலே சிரித்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதமென்றால் உனக்கு வாசிக்கத் தெரியாது, மகன்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் வீட்டுக்காரன்